வாடகை தந்த வாழ்நாள் வேலை

பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால் பிழைப்பைப் பற்றிய கவலை ஓய்வு பெறும்வரை இல்லை என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு, வேறெந்த நிறுவனத்தையும்விட, இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ் என்னும் ஐ.பி.எம். காரணமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்நிறுவனம் வணிகம் மந்தமான காலத்திலும் ஆட்குறைப்பு செய்ததில்லை என்ற பெயரைக் காத்துவந்தது. அந்தப் பெயர் 1993இல் உடைந்தது. இந்த வரலாற்றை எழுதியவர்கள் பலரும் தொடக்கக்காலத் தலைவர் தாமஸ் ஜே. வாட்சனின் தயாள குணத்தை முதற்காரணமாகவும், பின்வந்த தலைவர்களின் தவறான கணிப்புகளை முடிவுக்கான காரணமாகவும் காட்டுவது வழக்கம். தயாளமும் தவறும் உண்மைதான் என்றாலும், இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரு வணிக முறை: ஐ.பி.எம். நெடுங்காலம் தன் எந்திரங்களை விற்கவில்லை, மாத வாடகைக்கு விட்டது. வாடகை வந்த காலம் முழுவதும் ஊழியருக்கு வேலை நிலைத்தது. வாடகையை நிறுவனம் கைவிட்ட பத்தாண்டுக்குள் வேலையும் போயிற்று. ஊழியர்கள் அனுபவித்த நன்மைகளும் அவற்றோடு ஒட்டிவந்த கட்டுகளும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதால், அவற்றைத் தனித்தனிக் கணக்காகப் பிரிப்பது கடினம்.

நிறுவனத்தின் தொட்டில் நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியில் சஸ்குவஹானா ஆற்றை ஒட்டிய எண்டிகாட் என்னும் சிற்றூர். ஐ.பி.எம். பெரிதாவதற்கு முன்பே அந்த வட்டாரம் எண்டிகாட் ஜான்சன் என்ற காலணி நிறுவனத்தின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைவர் ஜார்ஜ் எஃப். ஜான்சன் தொழிலாளர்களுக்குத் தவணையில் வீடு கட்டிக்கொடுத்தும், மருத்துவ வசதி செய்தும், பூங்காக்களும் குழந்தைகளுக்கான குடைராட்டினங்களும் அமைத்தும், தொழிற்சங்கம் தலையெடுக்க இடமில்லாமல் பார்த்துக்கொண்டார். 1914இல் வாட்சன் பொறுப்பேற்றபோது நிறுவனத்தின் பெயர் வேறு. தராசு, இறைச்சி வெட்டும் கருவி, வேலைக்கு வருவோரின் நேரத்தைப் பதியும் கடிகாரம், துளையட்டைகளை எண்ணும் எந்திரம் ஆகியவற்றைச் செய்த சிறு நிறுவனங்களை 1911இல் ஒன்றாகக் கட்டியதே அது. ஐ.பி.எம். என்ற பெயர் 1924இல்தான் வந்தது. வாட்சன் தொழில் கற்றது டேட்டன் நகரத்தின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில். விற்பனையாளருக்குப் பயிற்சிப் பள்ளி, இலக்கை எட்டியவருக்கு விருது, கூட்டங்களில் உற்சாகப் பேச்சு என்று அங்கே கண்டதையெல்லாம் கொண்டுவந்தார். போட்டியாளரை நசுக்கும் வித்தையையும் அங்கேதான் பழகினார் என்பதற்கு, 1913இல் அவரும் அவருடைய முதலாளி ஜான் பேட்டர்சனும் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டதும், மேல்முறையீட்டில் 1915இல் அத்தீர்ப்பு தள்ளுபடியானதும் சான்று.

டேட்டனின் உற்சாகமும் ஜான்சனின் பராமரிப்பும் எண்டிகாட்டில் கலந்தன. 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது, வாட்சன் ஆலைகளை ஓடவிட்டு, உடனடியாகக் கேட்பாரில்லாத எந்திரங்களையும் உதிரிப் பாகங்களையும் செய்து கிடங்கில் அடுக்கினார். செய்யும் உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிடும் பீஸ் ரேட் கூலி 1934இல் எண்டிகாட்டில் ஒழிந்தது. அதே ஆண்டில் குழு ஆயுள் காப்பீடும், மறு ஆண்டில் இறந்த ஊழியரின் குடும்பத்துக்கான உதவித்தொகையும் வந்தன. சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் விரைவில் தொடர்ந்தது. ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தாவில் ஊழியர் குடும்பங்கள் கால்ஃப் மைதானத்தோடு கூடிய பொழுதுபோக்கு மன்றத்தில் சேரலாம். 1933இல் கட்டிய பயிற்சிப் பள்ளியின் வாசற்படிகள் ஐந்திலும் சிந்தி, கவனி, விவாதி, கேள், படி என்ற பொருள்படும் ஐந்து சொற்கள் செதுக்கப்பட்டன. ஆலைத் தொழிலாளி மாலையில் இலவச வகுப்பில் அமர்ந்து கற்று, மேற்பார்வையாளராக உயர்வது அங்கே நடக்கக்கூடியதாக இருந்தது.

கூட்டங்களில் நிறுவனத்தையும் அதன் தலைவரையும் புகழும் பாடல்களை அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து எல்லோரும் எழுந்து பாடினர். விற்பனையாளரின் வெள்ளைச் சட்டையும் கருநிறச் சூட்டும் அடையாளச் சீருடைபோல் ஆயின. நிறுவன விருந்துகளிலும் மன்றத்திலும் மது இல்லை. லாபத்தில் பங்கு பெற்ற வாட்சனின் 1934ஆம் ஆண்டு வருமானம் 3,64,000 டாலருக்கு மேல் என்று வெளியானபோது நாளொன்றுக்கு ஆயிரம் டாலர் வாங்கும் மனிதர் என்று நாட்டில் பேசப்பட்டதே தவிர, எண்டிகாட்டில் அது முணுமுணுப்புக்கும் காரணமாகவில்லை. தெருவில் வேலையில்லாதவர் வரிசை நிற்கும் காலத்தில், பாட்டுப் பாடுவது பெரிய விலையாகத் தோன்றியிருக்காது.

இவ்வளவையும் கொடுக்க எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. துளையட்டை என்பது குறிப்பிட்ட இடங்களில் துளையிட்டுத் தகவலைப் பதிந்த கெட்டித் தாள். அதை வகைபிரிக்கவும் கூட்டவும் அச்சிடவும் ஐ.பி.எம். எந்திரங்கள் வேண்டும். அந்த எந்திரங்களை வாடிக்கையாளர் வாங்க முடியாது. மாத வாடகைக்குத்தான் எடுக்க முடியும். அட்டையையும் ஐ.பி.எம்மிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1936இல் சட்டவிரோதம் என்று தீர்த்த பிறகும், பழக்கம் எளிதில் மாறவில்லை. 1937 அளவில் எண்டிகாட்டின் அச்சு எந்திரங்கள் நாள்தோறும் 50 லட்சம் முதல் ஒரு கோடி அட்டைகளை வெட்டித் தள்ளின. 1950களின் நடுவிலும் நிறுவனத்தின் லாபத்தில் சுமார் 30 சதவீதம் அந்தச் சாதாரணத் தாள் அட்டையிலிருந்து வந்தது. எந்திரத்தின் அடக்கவிலை சில ஆண்டு வாடகையில் மீண்டுவிடும்; அதன்பின் வருவதில் பெரும்பங்கு லாபம். புதிய ஆர்டர் ஒன்றுகூட வராத ஆண்டிலும் முன்பே நிறுவிய எந்திரங்களின் வாடகை வந்துகொண்டிருக்கும் என்பதால், மழை பொய்த்த ஆண்டில் கண்மாயில் தேங்கிய நீரைக் கொண்டு ஒரு போகத்தைக் கரையேற்றுவதுபோல் வாட்சன் பெருமந்தத்தைக் கடந்தார். கிடங்கில் அடுக்கிய எந்திரங்களுக்கும் வேளை வந்தது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, சுமார் 2 கோடியே 60 லட்சம் தொழிலாளர்களின் வருமானக் கணக்கை அரசு பராமரிக்க வேண்டியதானபோது, உடனே எந்திரம் தரும் நிலையில் இருந்தது ஐ.பி.எம்.தான். ஒரு நாட்டின் முதியோருக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு, ஒரு நிறுவனத்தின் ஊழியருக்குக் கருணையாகக் கிடைத்த பாதுகாப்பைத் தாங்கிப் பிடித்தது என்பதை அந்தக் காலத்தில் எவரும் முரணாகக் கருதியதாகத் தெரியவில்லை.

கருணை என்ற சொல் இங்கே தகும். முழு வேலைவாய்ப்பு நடைமுறை என்று பிற்காலத்தில் நிறுவனம் அழைத்த இந்த ஏற்பாடு எந்த ஊழியரின் ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை. அது வழக்கமே அன்றி உரிமை அன்று. குறை இருந்தால் மேலாளரைத் தாண்டி வாட்சனிடமே சென்று முறையிடலாம் என்ற திறந்த கதவு நடைமுறையும் அத்தகையதே. மேலாளர்கள் அதற்கு உண்மையாகவே அஞ்சினர். முறையீடு பலிப்பதும் உண்டு. ஆயினும் தொழிலாளி தன் தோழர்களோடு சேர்ந்து பேரம் பேசுவதற்குப் பதிலாகத் தனியாகப் பெரியவரிடம் செல்லும் பாதை அது. அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆலை எதிலும் தொழிற்சங்கம் அங்கீகாரம் பெற்றதில்லை.

கருணை யாருக்கு என்பதும் கொடுப்பவரின் முடிவாகவே இருந்தது. 1935இலேயே கல்லூரி முடித்த பெண்களை வாடிக்கையாளர் சேவைப் பணிக்குச் சேர்த்துப் பயிற்சி கொடுத்த நிறுவனம், 1943இல் ரூத் லீச் என்ற பெண்ணைத் துணைத் தலைவராக்கிய நிறுவனம், திருமணம் செய்துகொண்ட பெண் ஊழியர் பதவி விலக வேண்டும் என்ற விதியை 1951 ஜனவரியில்தான் கைவிட்டது. தென் மாநிலங்களில் ஆலை திறக்க முனைந்தபோது, இனத்தின் அடிப்படையில் தனித்தனி வசதிகளை ஏற்கமாட்டோம் என்று வாட்சனின் மகனான இளைய வாட்சன் 1953 செப்டம்பரில் மேலாளர்களுக்கு எழுதிய கடிதம், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு எட்டு மாதம் முந்தியது; அது மெய்யாகவே துணிச்சலான செயல். அதே இளைய வாட்சனின் காலத்தில், 1968இல், கணினிக் கட்டமைப்பில் அரிய கண்டுபிடிப்பு செய்திருந்த பொறியாளர் லின் கான்வே, ஆணுடலிலிருந்து பெண்ணாக மாறப்போவதை அறிவித்ததற்காக வேலையை இழந்தார். அவர் பெயரையும் பணிக்காலத்தையும் துறந்து, வேறிடத்தில் அடிமட்டத்திலிருந்து தொடங்கி, சில்லு வடிவமைப்பின் முன்னோடியானார். ஐ.பி.எம். மன்னிப்புக் கேட்டது 2020இல்.

தந்தைக்குப் பின் 1956இல் தலைமையேற்ற இளைய வாட்சன் பாடல்களையும் வழிபாட்டு மனப்பான்மையையும் குறைத்து, பணத்திலும் மதிப்பிலும் தாராளத்தைக் கூட்டினார். 1958இல் மணிக்கணக்குக் கூலி வாங்கிய ஆலைத் தொழிலாளர் அனைவரும் மாதச் சம்பளக்காரர்களாக மாற்றப்பட்டனர். வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் கடிகாரங்களைச் செய்த பிரிவை நிறுவனம் வேறொருவருக்கு விற்றதும் அதே 1958இல்தான். இரண்டும் தற்செயலாக ஒரே ஆண்டில் நேர்ந்தவையாக இருக்கலாம். ஆனால் தொழிலாளியின் நிமிடத்தைக் கண்காணிக்கும் கருவியை உலகுக்கு விற்றுப் பிழைத்த ஊர், தன் தொழிலாளிக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்த கட்டம் அது. கடிகாரம் இல்லாத இடத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான கோடு மங்குகிறது. பதவி உயர்வோடு ஊர் மாற்றமும் வரும். மறுத்தால் உயர்வு அத்தோடு நிற்கும். ஐ.பி.எம். என்ற மூன்றெழுத்துக்கு ‘என்னை இடம் மாற்றிவிட்டார்கள்’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் விரிவு சொல்லி ஊழியர்கள் சிரித்துக்கொண்டதும், குடும்பங்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை பள்ளியும் அண்டை வீடும் மாறி வாழ்ந்ததும் அக்காலத்தில்தான். வழக்கமான பாதையில் செல்லாதவர்களே நிறுவனத்துக்குத் தேவை என்று சொல்ல இளைய வாட்சன், பழக்கிவிட்டால் பறக்க மறந்துவிடும் காட்டு வாத்துகளின் கதையை அடிக்கடி எடுத்துக்காட்டுவார். காட்டு வாத்துகளும் அணிவகுத்துத்தான் பறக்கின்றன என்று ஊழியர் ஒருவர் சொன்ன பதிலைத் தம் நூலிலேயே பதிந்திருக்கிறார்.

ஆய்வாளர்களின் நிலை இந்த இரட்டைத் தன்மையை மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. வாடகைப் பணம் உடனடிப் பயனைக் கேட்காத பொறுமையையும் வாங்கிக் கொடுத்தது. ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ் குழுவுக்கு ஆண்டுகள் கிடைத்தன, பெனுவா மாண்டல்புரோ 1958 முதல் 35 ஆண்டுகள் அங்கே இருந்து, பல்கலைக்கழகத் துறை எதிலும் அடங்காத ஃபிராக்டல் கணிதத்தை வளர்த்தார், ஐ.பி.எம். ஃபெலோ என்ற பட்டம் பெற்றவர்கள் தாம் விரும்பிய ஆய்வை ஐந்து ஆண்டுகள் மேற்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 1960களின் தொடக்கத்தில் வந்தது. சூரிக் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 1986, 1987 ஆகிய இரண்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் கண்டுபிடிக்கக் கிடைத்த சுதந்திரம், கண்டதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் சுதந்திரமாக நீளவில்லை. சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், தகவலை அட்டவணைகளாக அமைத்து அவற்றிடையே உள்ள உறவுகளைக் கொண்டு தேடும் தரவுத்தள முறையை 1970இல் கட்டுரையாக வெளியிட்டார். நிறுவனம் அப்போதுதான் ஐ.எம்.எஸ். என்ற பழைய வகைத் தரவுத்தளத்தை நல்ல வருமானத்தோடு விற்றுக்கொண்டிருந்தது. தன் கையாலேயே அதற்குப் போட்டி உண்டாக்க அதன் பிரிவுகளுக்கு மனமில்லை. கட்டுரைகளைப் படித்த வெளியாட்கள், பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற சிறு நிறுவனத்தில், 1979இல் அந்த முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஐ.பி.எம்மின் முதல் வணிகப் படைப்பு 1981இல் வந்தது. உடன்பாடின்மை என்ற ஓர் உள்நடைமுறையும் இத்தகைய தாமதத்துக்குத் துணை நின்றது: ஒரு பிரிவின் திட்டத்துக்கு வேறொரு பிரிவு ஒப்புதல் மறுத்தால், மேலிடம் தலையிடும்வரை திட்டம் நகராது. பாதுகாப்பான வேலையில் இருப்பவர் பாதுகாப்பான முடிவையே எடுப்பார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஆய்வகங்களில் ஊழியரின் துணிவுக்குக் குறைவில்லை, வரும் வாடகைக்கு எந்தப் புதுமை கேடோ அது தானாகவே ஓரங்கட்டப்பட்டது என்பதே சரியான கணிப்பு.

வாடகையின் மறுமுனையில் இந்தியாவும் இருந்தது. எண்டிகாட்டில் வடிவமைத்து 1959இல் அறிவிக்கப்பட்ட 1401 என்ற கணினியின் வாடகை அமெரிக்காவில் மாதம் 2,500 டாலரில் தொடங்கியது. பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்ட அந்த எந்திரம் 1960களில் இந்திய ரயில்வே உள்ளிட்ட பெரிய அலுவலகங்களுக்கும் வந்தது. வேறு நாடுகளில் உழைத்து ஓய்ந்த எந்திரங்களைப் பம்பாயில் புதுப்பித்து இந்திய வாடிக்கையாளருக்கு விட்டு, தேய்மானத்துக்கு உரிய குறைப்பின்றி ஐ.பி.எம். வாடகை வசூலிக்கிறது என்று நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 1970களின் நடுவில் கண்டித்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி இந்தியக் கிளையில் தன் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க மறுத்த நிறுவனம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷனுக்குச் சென்றது. எண்டிகாட்டின் குடும்பங்களைத் தாங்கிய நிலையான வருமானத்தில், தேய்ந்த எந்திரத்துக்கு ஏழை நாட்டின் அலுவலகங்கள் கட்டிய பணமும் ஒரு சிறு பங்கு.

எந்திரங்களை விரும்புவோருக்கு விற்கவும் வேண்டும் என்று 1956இல் அரசுடன் செய்த ஏகபோக வழக்கின் உடன்பாடு கூறியபோதும், வாடகையே பெரும்பாலோரின் தேர்வாக நீடித்தது. 1980களின் தொடக்கத்தில் நிறுவனமே அதை மாற்றியது. ஜப்பானியப் போட்டிக்கு ஈடு கொடுக்கப் பெரிய ஆலைகள் கட்டவும், வளர்ச்சியை வேகமாகக் காட்டவும், வாடகையில் இருந்த எந்திரங்களை வாடிக்கையாளருக்கே விற்கும் போக்கு ஊக்கப்படுத்தப்பட்டது. பல ஆண்டுகளில் வரவேண்டிய பணம் ஒரே ஆண்டில் கைக்கு வந்ததால் கணக்குகள் பொலிந்தன. 1984இல் லாபம் 650 கோடி டாலரைத் தாண்டியது, 1985இல் ஊழியர் எண்ணிக்கை சுமார் 4,05,000 ஆயிற்று. அந்தக் கூட்டத்தைத் தாங்கவல்ல தொடர் வருமானம் அப்போதே கரைந்துகொண்டிருந்தது என்பதை தலைமையில் இருந்தவர்களில் சிலரே உணர்ந்தனர். தனியாள் கணினியும் அதன் நகல்களும் பெருங்கணினியின் விலையை அழுத்தியபோது பின்வாங்கி நிற்க இடமிருக்கவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ‘விருப்பம்’ நாளடைவில் பெயரளவில் நின்றது. 1991இல் 280 கோடி டாலர், 1992இல் சுமார் 500 கோடி, 1993இல் 810 கோடி என்று நட்டம் ஏறியது. 1993இல் ஹட்சன் பள்ளத்தாக்கின் ஆலைகளில் வெளிப்படையான ஆட்குறைப்பு தொடங்கியது. ஏப்ரல் முதல் நாள் வெளியிலிருந்து தலைவராக வந்த லூ கெர்ஸ்ட்னர் அந்தக் கோடையில் மேலும் 35,000 வேலைகள் போகும் என்றார். 1994 முடிவில் எஞ்சியவர்கள் சுமார் 2,20,000 பேர்.

வேலை இழந்த நடுவயது நிரலாளர்கள் சிலர் தங்கள் பழைய அலுவலகத்துக்கு அருகில் இருந்த தேநீர்க் கடையில் கூடிப் பேசியதைச் சமூகவியலாளர் ரிச்சர்ட் சென்னட் கேட்டுப் பதிந்து 1998இல் நூலாக்கினார். அவர்களின் விளக்கம் மூன்று கட்டங்களாக மாறியது. முதலில் நிறுவனம் தங்களை ஏமாற்றிவிட்டது என்றார்கள். முன்கூட்டியே திட்டமிட்ட துரோகத்துக்குச் சான்று தேடினார்கள், கிடைக்கவில்லை. அடுத்து உலகப் பொருளாதாரத்தை, குறிப்பாகக் குறைந்த சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்யும் இந்திய நிரலாளர்களைப் பழித்தார்கள். அதுவும் அவர்களுக்கே நெடுநாள் நிறைவு தரவில்லை. கடைசியில் தங்களையே குறைகூறத் தொடங்கினார்கள்: தனியாள் கணினியின் வருகையை உணர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளியேறித் துணிந்திருக்க வேண்டும், நிறுவனத்தை நம்பி இருந்துவிட்டோம் என்றார்கள். இந்த மூன்றாம் கட்டத்தைச் சென்னட் ஒருவகை மீட்சியாகக் காண்கிறார். சிதறிய வாழ்க்கையைத் தங்கள் கதையாக அவர்கள் மீண்டும் கட்டிக்கொண்டார்கள் என்பது அவர் கருத்து. அதோடு அவர்கள் ஊர் மன்றங்களிலிருந்தும் பள்ளி நிர்வாகக் குழுக்களிலிருந்தும் விலகி, தேவாலயத்தில் ஒதுங்கினார்கள் என்பதையும் அவரே குறித்திருக்கிறார். வாடகையைக் கைவிட்ட முடிவை எடுத்தவர்கள் எவரும் அந்தக் கதையின் மூன்றாம் கட்டத்தில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

எண்டிகாட் ஊருக்கு இழப்பு வேறொரு வழியிலும் வந்தது. மின்சுற்றுப் பலகைகளைத் துப்புரவாக்கப் பயன்பட்ட குளோரின் கலந்த கரைப்பான்களில் ஒன்று 1979இல் 4,000 காலனுக்கு மேல் சிந்தியதைத் தொடர்ந்து, நிலத்தடி நீரில் இத்தகைய வேதிப்பொருள்கள் பரவியிருப்பது தெரியவந்தது. நீரை இறைத்துத் தூய்மைப்படுத்தும் பணி பல பத்தாண்டுகள் நடந்தது. 2000களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து ஆவியாகி வீடுகளின் அடித்தளத்துக்குள் அந்த வேதிப்பொருள்கள் நுழைவது உறுதியானபின், நூற்றுக்கணக்கான வீடுகளில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்கள் பொருத்தப்பட்டன. ஊழியரும் ஊராரும் ஒருவரே என்பதால், நெடுங்காலம் சம்பளம் கொடுத்த கையையே நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. சுமார் ஆயிரம் பேரின் வழக்கு 2015இல் சமரசத்தில் முடிந்தது. ஆலை வளாகத்தை ஐ.பி.எம். 2002இலேயே விற்றிருந்தது.

எழுதப்படாத வாக்குறுதி போன பின்பு எழுதப்பட்டவையும் தேய்ந்தன. பழைய ஓய்வூதிய முறையில் பலனின் பெரும்பகுதி பணியின் கடைசி ஆண்டுகளில் சேரும்; நெடுநாள் இருப்பவருக்கே அது லாபம். 1999இல் அறிவித்த புதிய முறையில் ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தில் குறிப்பிட்ட சதவீதம் ஊழியரின் பெயரில் வரவு வைக்கப்படும். நாற்பதுகளின் முடிவில் இருந்தவர்கள் எதிர்பார்த்த தொகையில் பெரும்பங்கு இதனால் மறைந்தது. கணக்குப் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் அந்தக் கணக்கை மறைக்க முடியவில்லை. எதிர்ப்பு அமெரிக்க நாடாளுமன்றம்வரை சென்றபின், 40 வயதும் பத்தாண்டுப் பணியும் கடந்தவர்கள் பழைய முறையிலேயே தொடரலாம் என்று நிறுவனம் இறங்கிவந்தது. புதிய முறை வயதுப் பாகுபாடு என்று 2003இல் கீழமை நீதிமன்றம் கூறியதை 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. இந்தப் போராட்டத்தில்தான் அலையன்ஸ் அட் ஐ.பி.எம். என்ற சங்கம், தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு, 1999இல் பிறந்தது.

அதற்குள் ஐ.பி.எம். இந்தியாவுக்குத் திரும்பியிருந்தது. 1992இல் டாட்டா குழுமத்தோடு கூட்டாக வந்து, 2000களில் தனித்துப் பெருகி, 2017 அளவில் சுமார் 1,30,000 பேரை, அதாவது அமெரிக்காவில் இருந்ததைவிட அதிகமானோரை, பெங்களூரு, சென்னை உள்ளிட்ட நகரங்களில் வைத்திருந்ததாக மதிப்பிடப்பட்டது. அமெரிக்காவில் 2013 முதல் 2018 வரை மூத்த ஊழியர்களை வெளியேற்றும்படி மேலிடத்திலிருந்தே செய்தி போயிற்று என்று அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2020இல் கண்டறிந்தது. இந்திய ஊழியர் எண்டிகாட்டின் மன்றத்தையும் வாழ்நாள் நம்பிக்கையையும் கண்டதில்லை. ஆனால் சேமநல நிதியும் ஐந்தாண்டு பணிக்குப் பின் பணிக்கொடையும் அவருக்கு 1952, 1972ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உரியவையாக இருந்தன, எந்தத் தலைவரின் மனநிலையையும் சார்ந்திருக்கவில்லை. சட்டம் நின்றுவிட்ட இடம் ஆட்குறைப்பு. தகவல் தொழில்நுட்ப ஊழியர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவாரா என்பது நெடுங்காலம் தெளிவின்றிக் கிடந்தது. சென்னையில் வேறொரு பெரிய நிறுவனத்தின் பணிநீக்கங்களைத் தொடர்ந்து எழுந்த வழக்கின் பின்னணியில், இத்துறைக்குத் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்தும் தொழில் தகராறு சட்டத்திலிருந்தும் விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு ஜனவரியில், ஆட்குறைப்புகளால் உறுப்பினர் எண்ணிக்கை இருநூறு அளவுக்குச் சுருங்கிவிட்ட அலையன்ஸ் அட் ஐ.பி.எம். தன் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டிருந்தது.